தொப்பிக்குத் தூசி தட்டும் காலம்

பள்ளிக்கூடத்தைக் கோடை விடுமுறைக்கு மூடியதும் நம் ஊர் உபாத்தியாயர் என்ன செய்வார்? விடைத்தாள் திருத்துவார், மிஞ்சிய நாட்களில் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பார். அமெரிக்காவிலோ என் தொழிலைச் சேர்ந்தவர்கள் சிலர் வேறோர் உத்தியோகத்துக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். அகன்ற விளிம்புள்ள தொப்பியும் சாம்பல் நிறச் சட்டையும் அணிந்து, தேசியப் பூங்காக்களில் 'ரேஞ்சர்' எனப்படும் காவலர்களாகிறார்கள்.

பூங்கா என்றதும் நான்கு பெஞ்சும் ஒரு நீரூற்றும் நினைவுக்கு வரவேண்டாம். 1872-ல் ஏற்பட்ட யெல்லோஸ்டோன் பூங்காவின் பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். அங்கும் நீரூற்று உண்டு. ஆனால் அது பூமிக்குள்ளிருந்து பீறிடும் வெந்நீர்! 'ஓல்ட் பெய்த்புல்' என்னும் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு முறை நூறடிக்கு மேல் எழும்புகிறது. இத்தகைய ஊற்றுக்களைச் சுற்றியுள்ள தரை பல இடங்களில் அப்பளம் போல் மெல்லியது. பலகைப் பாதையை விட்டு இறங்கியவர் கொதிநீரில் விழுந்து மாண்டதும் உண்டு. ஜனங்களை அந்தப் பாதையில் நிறுத்தி வைப்பதும், காட்டெருமைக்கு 25 கஜமும் கரடிக்கு 100 கஜமும் விலகி நிற்கச் சொல்வதும், மாலையில் தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்தவர்களுக்குக் காட்டின் கதையைச் சொல்வதும் ரேஞ்சர்களின் வேலை. யோசித்துப் பார்த்தால் எல்லாம் வகுப்பறை வேலைதான். மாணவர்கள் மட்டும் வயதில் பெரியவர்கள், குறும்பும் சற்று அதிகம்!

1936-ம் வருஷத்துக் கோடையில் இந்த வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர், கரடிகளுக்குத் தீனி கொண்டுபோகும் லாரியில் துப்பாக்கியுடன் காவல் நின்றார். அவர் பெயர் ஜெரால்டு போர்டு. 1974-ல் அமெரிக்க ஜனாதிபதியானார். (கரடிக்குத் தீனி போடுவது இப்போது குற்றம்.)

எல்லோருக்கும் ஜனாதிபதி பதவி காத்திருக்கவில்லை. இது தற்காலிக உத்தியோகம். பொதுவாக வருஷத்தில் 1,040 மணி நேரத்துக்குக் குறைவாகவே வேலை, சம்பளமும் சொற்பம். இருந்தும் பனிக்காலத்திலேயே விண்ணப்பம் போட்டுவிட்டுக் கோடையை எண்ணிக் காத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் புது நியமனங்களை நிறுத்தியபோது, வேலை உண்டென்று கடிதம் பெற்றிருந்தவர்களுக்கு அது ரத்து என்று மறு கடிதம் போயிற்று. பிப்ரவரியில் மீண்டும் அநுமதி கிடைத்தது உண்மையே. ஆனால் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒருவன் மனத்தில் வளர்த்த கோடையை ஒரு கடிதத்தால் பறிப்பது சிறிய கொடுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் மாதத்தில் யெல்லோஸ்டோன் சாலைகளில் யந்திரங்கள் பனியை வாரி ஒதுக்கும். இங்கே நான் விடைத்தாள் கட்டை அவிழ்க்கும் அந்நேரம், அங்கே ஓர் உபாத்தியாயர் அலமாரியின் மேலிருந்து தொப்பியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருப்பார்.