எழுதும் கருவிக்கு ஒரு விளக்கம்

மாணவர்களே! கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் வகுப்புத் தலைவனை நோக்கி, "நாளைய வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுது" என்கிறார். அவன் அக்கணக்கை அழித்துவிட்டு எழுத வேண்டுமா? அதன் கீழே எழுத வேண்டுமா? 'எழுது' என்னும் சொல் இதனைத் தெரிவிக்கவில்லை. ஐயம் கொண்ட மாணவன் கேட்டறிவான். கேளாமல் தானே ஊகித்துச் செய்துவிடும் ஏவலாளனிடம் இக்கட்டளையை இட்டால் விளைவு யாதாகும்? செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்குக் கோப்பு எழுதும் கருவியை அமைப்போர் எதிர்கொள்ளும் வினா இதுவே.

முகவரின் உள்ளே இயங்கும் மொழி மாதிரி, தானே கணிப்பொறியின் வட்டில் எழுதுவதில்லை. "இன்ன கருவியை இன்ன விவரங்களுடன் இயக்குக" என்று ஒரு வேண்டுகோளை மட்டும் அது ஆக்கித் தருகிறது. வேறொரு நிரல் அதனை ஏற்றுக் கோப்பை எழுதி, விளைவைத் திரும்பக் கூறுகிறது. அந்நிரலின் உள்ளமைப்பை மாதிரி பொதுவாகக் காண்பதில்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், கொடுக்கவேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகிய மூன்றே அதன் முன் நிற்பவை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொதுநெறியும் கருவிகளை இம்முறையிலேயே அறிமுகப்படுத்துகிறது. ஆதலின் விளக்கத்தில் இல்லாதது முகவருக்குத் தெரியாதது எனலாம்.

நல்ல விளக்கம் கூறவேண்டுவன எவை? முதலாவது, அப்பெயருடைய கோப்பு முன்பே இருந்தால் நேர்வது யாது என்பது. பழையது அழியுமா, புதியது இறுதியில் சேருமா, கருவி மறுத்துவிடுமா? இரண்டாவது, கொடுக்கும் உள்ளடக்கம் முழுக் கோப்பா, மாற்றப் பகுதியா என்பது. நூறு வரிக் கோப்பில் மூன்று வரிகளைத் திருத்த எண்ணிய முகவர், அம்மூன்றை மட்டும் எழுதி, "ஏனையவை முன்போலவே" என்று முடித்துவிடக் கூடும். கருவியோ கொடுத்ததை அப்படியே எழுதும். ஏனைய தொண்ணூற்றேழு வரிகளும் மறைந்துபோகும். மூன்றாவது, எந்த அடைவுக்குள் எழுதலாம், இல்லாத அடைவைக் கருவியே உண்டாக்குமா என்பது.

நான்காவது, திரும்பி வரும் செய்தியின் பொருள். 'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். கருவி வெறுமனே '15' என்று விடையளித்தால் எதனை எண்ணியது என்று எவர் அறிவார்? தவறு நேரும்போதும், "இயலவில்லை" என்பது போதாது. "அந்த அடைவு இல்லை, முதலில் அதனை உண்டாக்குக" என்பதே அடுத்த அடிக்கு வழிகாட்டும்.

இந்நெறி புதியதன்று. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பரில் வெளிவந்தது. கோப்பை உண்டாக்கும் அழைப்பைப் பற்றிய பக்கத்தில், கோப்பு முன்பே இருப்பின் அதன் நீளம் சுழியாக்கப்படும் என்று அது வெளிப்படையாகக் கூறியது. 'குறைகள்' என்றே ஒரு தலைப்பையும் அக்கையேடு வகுத்துக்கொண்டது. தம் படைப்பின் குறையைத் தாமே எழுதிவைப்பது பயன்படுத்துவோருக்குச் செய்யும் பேருதவியன்றோ?

எனினும் ஒன்றை மறத்தலாகாது. விளக்கம் என்பது அறிவுரை, பூட்டு அன்று. பலகையின் ஓரத்தில் 'அழிக்க வேண்டா' என்று எழுதினாலும் அழிப்பவன் கை தடைப்படுவதில்லை. இழக்கலாகாத கோப்பாயின், நிரலிலேயே தடை அமைதல் வேண்டும். 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரம், கோப்பு முன்பே இருந்தால் திறக்க மறுக்கும் முறையொன்றைச் சேர்த்தது. இத்தகைய தடையும் தெளிவான விளக்கமும் ஒன்றற்கொன்று துணையானவை.

நீங்கள் ஒரு கருவியை ஆக்கி அதற்கு விளக்கம் எழுதும் நாள் வரும். எழுதியதை, அக்கருவியின் உட்புறம் அறியாத தோழனிடம் கொடுங்கள். "இதனை இயக்கினால் எது அழியும்?" என்று கேளுங்கள். அவன் தயங்காமல் விடை கூறுவானாயின் உங்கள் விளக்கம் நிறைவுற்றது. தயங்குவானாயின் மீண்டும் எழுதுங்கள்.