பக்கத்து நிரை அக்கா ஏன் பேச்சை நிறுத்தினார், தெரியுமா?

பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாரின் கை எவ்வளவு நுட்பமானது தெரியுமா? விடியாத இருட்டு. நெற்றியில் ஒரு விளக்கு. பட்டையைச் சீவிக்கொண்டே போகும் உளி, மரக்கட்டைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்கும்போது நிற்க வேண்டும்! பால்குழாய்கள் நிறைந்திருப்பது அந்த உள்பட்டையில்தான். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம். அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. இப்படி ஒரு காலைப்பொழுதில் 400, 500 மரங்கள்! வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அந்த ஓட்டத்தைப் பிடிக்கத்தான் இத்தனை அவசரமும்.

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. அவர்கள் வேலை நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள்! என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டியவர். "அடுத்த நிரை அக்கா பேச்சைப் பாதியில நிறுத்தினா நானும் உளிய நிறுத்திடுவேன். பாம்போ பன்றியோ ஏதோ இருக்கும்னு அர்த்தம்" என்பார். பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானே வேலை செய்யும், மனம் பேச்சுக்குப் போகும். இது பலருக்கும் தெரிந்த விளக்கம். அந்த அக்காவின் மௌனம் என்ன செய்தது என்பதை நான் புரிந்துகொண்டது வெகு காலம் கழித்துத்தான், அதுவும் ஒரு கார் ஆய்வைப் படித்தபோது!

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2008-ல் நடந்த ஆய்வு அது. மாதிரி வாகனத்தில் சிலரை, திரையில் தெரியும் நெடுஞ்சாலையில் ஓட்டவிட்டு, ஓர் ஓய்வுத்தளத்தில் திரும்பி நிறுத்தச் சொன்னார்கள். நம் தாப்பா ஓய்வுத்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கை நண்பரோடு பேசிக்கொண்டே ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பிவிட்டார்கள். கைப்பேசியில் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டியே போய்விட்டார்கள்! இரண்டுமே பேச்சுத்தானே, ஏன் இந்த வித்தியாசம்? பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கே வந்தால் அவர் பேச்சும் நிற்கிறது, அல்லது அந்த லாரியைப் பற்றியதாகவே மாறிவிடுகிறது. கைப்பேசிக்குள் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பாட்டுக்குக் கதையைத் தொடர்கிறார். பக்கத்து இருக்கை நண்பர் அந்தப் பக்கத்து நிரை அக்காவேதான்! அவர் கண்ணும் என் பாட்டியின் கண்ணும் ஒரே இருட்டைப் பார்த்தன.

கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறீர்களா? அதே பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, ஓட்டுநர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்தது. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் பேசியபடி ஓட்டியவர்கள் சாலையோர விளம்பரப் பலகைகளை நேராகப் பார்த்தார்கள். பிறகு கேட்டால், பார்த்த பலகைகளில் பல நினைவில் இல்லை! கண் விழித்திருந்தது; மனம் அங்கே இல்லை. ஜெலப்பாங்கைக் கடந்து மெனோரா சுரங்கப்பாதைச் சரிவில் கனரக லாரிகளுக்கு நடுவே போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து எனக்கு வயிற்றைக் கலக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். புலனத்தில் வந்த ஒரு செய்தியை 4 நொடி பார்த்தால் 100 மீட்டரைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள்!

நடந்து போகும்போதும் இதே கதைதான், தெரியுமா? வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், பளிச்சென்ற நிறத்தில் உடையணிந்த கோமாளி ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றிவந்தார். 2009-ல் வெளியான ஆய்வு. இருவராக நடந்தவர்களில் 100-க்கு 71 பேர் அவரைக் கவனித்திருந்தார்கள். தனியாக நடந்தவர்களில் 51. கைப்பேசியில் பேசியபடி நடந்தவர்களில் 25 பேர்தான்! கூட ஓர் ஆள் இருந்தால் கண்கள் நான்காகின்றன. கைப்பேசி ஆள் வந்தாலோ, இருக்கும் இரண்டும் குறைந்துபோகின்றன.

தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நினைவிருக்கிறதா? அரை இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கூட்டத்தின் சலசலப்புக்கு நடுவே கிராணி பெயர் கூப்பிடுவார். மற்றவர் பெயரெல்லாம் காற்றில் போகும், தன் பெயர் மட்டும் சுரீரென்று ஏறும்! ஆய்வாளர் நெவில் மோரே 1959-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லி, கவனிக்காத மறு காதில் அவரவர் பெயரைச் சொன்னார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. நமக்கானதைப் பிடிக்க மூளை ஒரு சிறு வாசலை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது. கைப்பேசியின் 'டிங்' ஓசை நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2015-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டது இது: கைப்பேசியை எடுக்கவே வேண்டாம், அறிவிப்பு வந்த ஓசையோ அதிர்வோ போதும், செய்துகொண்டிருந்த வேலையில் தவறுகள் கூடின!

ஈப்போவிலிருந்து தம்பியை அழைக்கும்போது இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, "வண்டியிலயா இருக்க?" என்பதுதான். ஆமாம் என்றால், "வீட்டுக்குப் போய்க் கூப்பிடுப்பா" என்று வைத்துவிடுகிறேன். அவனுக்கு முன்னால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது.