குதிரையின் கண்ணிற் காணும் புழு: அதன் பிறப்பும் இளம்பருவ வளர்ச்சியும்

குதிரையின் கண்ணுள்ளே வெண்ணூல் போன்ற புழுவொன்று சிலவேளை நெளிந்து திரியும். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலத்துக்கும் கருமணிக்கும் இடையிலுள்ள நீரே அதன் இருப்பிடம். கண்ணில் விழுந்த தூசியிலிருந்து அது உண்டானதெனச் சிலர் எண்ணுவர். அது பிழையான எண்ணம். அப்புழு கண்ணிலே பிறந்ததன்று. பெரும்பாலும் அக்குதிரையின் உடலிலே பிறந்ததுமன்று. ஆசிய நாடுகளிற் குதிரைகளின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட புழுக்கள் பல, மாட்டுக்கும் எருமைக்கும் உரிய செற்றேரியா டிசிற்றேற்றா என்னும் வட்டப்புழுவின் குஞ்சுகளாகவே இருந்தன.

நம் நாட்டிற் குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே. எனினும் இப்புழுவின் வரலாற்றை நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். குதிரையின் கண்ணுக்குச் செல்லும் அதே குஞ்சு, ஆட்டின் முள்ளந்தண்டினுள் நுழைந்து அதனை முடமாக்கும். காலையிற் பின்னங்கால் இழுத்து எழும்பமாட்டாது கிடக்கும் வெள்ளாட்டைக் கண்டு, பாம்பு தீண்டியதென்றோ எவரோ அடித்தாரென்றோ கருதுவோர் உளர்.

தாய்ப்புழுவின் வீடு மாட்டின் வயிற்றறை ஆகும். குடலுக்குள்ளன்று, குடலுக்கு வெளியே அதனைச் சூழ்ந்த வெளியிலேயே அது வாழ்கிறது. இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாட்டின் வயிற்றைத் திறக்கும்போது விரல் நீளமான வெண்புழுக்கள் குடலின்மேல் நெளிவதை அறுப்போர் நன்கறிவர். மாட்டுக்கு அவற்றாற் பெருந்தீங்கு விளைவதில்லை. மாடு நன்றாய் மேயும், பாலும் குறையாது. ஆதலால் அதற்குச் சொந்தக்காரர் ஐயுறுவதற்கு இடமேயில்லை.

ஆண்புழுவிலும் பெண்புழு நீண்டது. இரண்டும் கூடியபின் பெண்புழுவின் கருப்பையில் முட்டைகள் உண்டாகின்றன. ஆயினும் அவை முட்டைகளாக வெளிவருவதில்லை. ஒவ்வொரு முட்டையுள்ளும் நுண்ணிய குஞ்சு உருவாகி நீளும்போது, முட்டையின் மெல்லிய தோலும் அதனோடு நீண்டு அதற்கு உறையாகிவிடுகிறது. இவ்வாறு உறையணிந்த குஞ்சுகளையே தாய்ப்புழு ஈனுகிறது. அவை மாட்டின் இரத்தத்தை அடைந்து அதனோடு சுற்றித் திரியும். ஒரு குஞ்சின் நீளம் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர்; நுணுக்குக்காட்டியின்றி அதனைக் காணல் இயலாது. இரத்தத்தில் எத்தனை நாள் திரிந்தாலும் அங்கே அது வளராது. அதன் அடுத்த வளர்ச்சி நுளம்பின் உடலிலேயே நிகழ வேண்டும்.

நுளம்பு மாட்டின் இரத்தத்தைக் குடிக்கும்போது குஞ்சுகளும் அதன் வயிற்றினுட் செல்கின்றன. அங்கே உறையைக் கழற்றி, வயிற்றுச் சுவரைத் துளைத்து, நுளம்பின் நெஞ்சிலே சிறகை அசைக்கும் தசையிற் புகுகின்றன. முதலிற் குட்டையாகிப் பருக்கின்றன. பின்னர் இருமுறை தோலுரித்து மெலிந்து நீள்கின்றன. இதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைகள் செல்லும். வெப்பமான காலத்தில் விரைவாகவும் குளிர்ந்த காலத்திற் தாமதமாகவும் இது நடைபெறும். நுளம்பின் உடலில் இவை பெருகுவதில்லை. ஒரு குஞ்சு ஒரு குடம்பியாகவே முடியும். முதிர்ந்த குடம்பி தலைக்கு நகர்ந்து, நுளம்பின் வாயுறுப்பிற் காத்திருக்கும். நுளம்பு மீண்டும் கடிக்கையில் அது தோலின்மீது இறங்கி, கடித்த துளை வழியே உள்ளே நுழையும்.

கடிபட்டது மாடாயின் குடம்பி வயிற்றறையை அடைந்து, சில மாதங்களில் முதிர்ந்து, மறுபடியும் ஈனத் தொடங்கும். குதிரையோ ஆடோ ஆயின் அவ்வுடல் அதற்கு அந்நியமாகும். அங்கே அது முதிராமல் அலைந்து திரிந்து, கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டு நாணிலோ சேர்ந்துவிடுகிறது. கும்ரி என்று இந்தியாவிலும் பர்மாவிலும் பெயர்பெற்ற குதிரைகளின் இடுப்பு வாதம், இலங்கைக் குதிரைகளிலும் இவ்வாறே நேர்கிறதென்பதை இன்னசு, பிள்ளை ஆகிய இருவரும் 1955இல் எழுதி வெளியிட்டனர். குதிரைக்கே உரிய செற்றேரியா இனமொன்றும் உண்டு. அது குதிரையின் வயிற்றறையில் முதிர்ந்து ஈனும். அதன் இளம்புழுவும் சிலவேளை வழி தவறிக் கண்ணுக்கு வருவதுண்டு.

கண்ணிலுள்ள புழு பெரும்பாலும் ஒன்றே. அதுவும் ஒரு கண்ணிலே மட்டும். முதிராத புழுவாதலால் அது அங்கே ஈனுவதில்லை. எனவே கண்புழுவுள்ள குதிரையிலிருந்து வேறொரு குதிரைக்கு நோய் தொற்றுமென அஞ்சி அதனைத் துரத்திவிடுதல் வீண். நோய்க்கு ஊற்று, நலமாக நின்று அசைபோடும் மாடே.

கண்ணீர் வடிதல், வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடுதல், கண்ணில் நீலங்கலந்த வெண்மை படர்தல் என்பன முதற்குறிகள். வைக்கோல் குத்தியதாக எண்ணி இலைச்சாறு பிழிவதும், சுண்ணாம்பு தடவுவதும் பார்வையை முற்றாய் அழித்துவிடும். உடனே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். அவர் மயக்க மருந்திட்டு, கண்ணின் ஓரத்திற் சிறு துளையிட்டால், நீரோடு புழுவும் வெளிவரும். கண்ணினுள்ளே புழு இறந்து கிடப்பின் அழற்சி மிகக்கூடும் ஆதலால், மருந்தால் அதனைக் கொல்வதிலும் இவ்வாறு எடுத்தலே விரும்பப்படுகிறது. தாமதித்தால் புழு போனபின்னும் வெண்மை நின்றுவிடும்.

ஆட்டின் நிலை இதனிலும் கடினம். முள்ளந்தண்டு நாண் கிழிந்தபின் மருந்தினால் அதனைப் பழுதுபார்த்தல் அரிது. ஆகவே ஆட்டுக்கொட்டிலை மாட்டுத்தொழுவத்தோடு ஒட்டிக் கட்டலாகாது. இடமில்லாதோர் மாலை மங்கும் வேளையிலேனும் ஆட்டைத் தொலைவிற் கட்டிப் புகைமூட்டம் போடுதல் நன்று. கொட்டிலுக்கு வலையடித்தல் அதனிலும் நன்று. தொழுவத்துச் சிறுநீர்க் குழியும், சிரட்டையும், தேங்கிய அழுக்குநீரும் நுளம்பு பெருகும் இடங்கள். நீர் வசதியுள்ள வயலை இடையிடையே வடியவிடுதலும் உதவும். மாட்டின் இரத்தத்திலுள்ள குஞ்சுகளை ஐவர்மெக்ரின் என்னும் மருந்து குறைக்கும். அதனை மிருக வைத்தியரின் சொற்படியே கொடுத்தல் வேண்டும். பாற்பசுவாயின், அம்மருந்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எத்தனை நாளுக்குப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது என்பவற்றை முன்கூட்டியே அவரிடம் கேட்டறிதல் வேண்டும்.