கிள்ளி எடுக்கும் உயிர்க்கலம்

ஒன்றைப் பிரித்தெடுக்கும் தொழிலுக்குத் தமிழிலே பெயர்கள் பல. மரத்தைத் தறிக்கின்றோம், நெல்லை அறுக்கின்றோம், காய்கறியை அரிகின்றோம், பூவைக் கொய்கின்றோம், வெற்றிலையைக் கிள்ளுகின்றோம். ஒவ்வொரு சொல்லும் கையின் ஒவ்வொரு செயலைக் காட்டி நிற்கும். இவ்வேறுபாட்டை மாணாக்கருக்கு உரைப்பதே தொழிலாகக் கொண்டவன் யான். ஆதலின், உயிரியல் பற்றிய கட்டுரைகளில் ‘மென்சவ்வை வெட்டும் புரதங்கள்’ என்னும் தொடரைக் காணுந்தோறும், அங்கே நிகழ்வது வெட்டுத்தானா என்னும் ஐயம் எனக்கு எழுவதுண்டு.

நம் உடலின் ஒவ்வோர் உயிர்க்கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்திருக்கின்றது. கொழுப்பு மூலக்கூறுகள் இரு படையாக அடுங்கியமைந்த அச்சவ்வின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை 2 இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவே. வெளியிலுள்ள பொருளை ஏற்கவேண்டுமிடத்து அச்சவ்வு உட்குழிந்து ஒரு சிறு பையாகின்றது. பை ஒடுங்கிய கழுத்தொன்றால் தாய்ச்சவ்விலே தொங்குகின்றது. கழுத்து அற்றாலன்றிப் பை உள்ளே செல்லமாட்டாது. கத்தியால் அறுப்பதுபோல் அறுத்தாலோ இருபுறமும் வாய் திறந்துவிடும், உள்ளிருப்பது ஒழுகும், வெளியிலிருப்பது புகும், கலம் மாளும். ஒழுக்கின்றிப் பிரிப்பது எங்ஙனம்?

விடைக்கு வழிகாட்டியது ஓர் ஈ. 1973ஆம் ஆண்டிலே கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் சுசுக்கி முதலானோர் விந்தையான பழ ஈக்களைக் கண்டனர். சாதாரண வெப்பநிலையிலே அவை பறந்து திரிந்தன. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறியதும் அசைவற்று வீழ்ந்தன. குளிர்ந்ததும் சில நிமிடங்களில் எழுந்து நடந்தன. மரத்துப்போதலைக் குறிக்கும் யப்பானியச் சொல்லால் அவ்வினத்துக்குச் ‘சிபிரே’ என்று பெயரிட்டனர். 1979இல் அவ்வீக்களின் நரம்பு முனைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது காரணம் புலனாயிற்று. நரம்பு முனையிலுள்ள நுண்பைகள் செய்திப் பொருளை வெளியே சொரிந்தபின் அவற்றின் சவ்வு மீண்டும் உள்வாங்கப்படல் வேண்டும். வெப்பமேறிய ஈக்களிலே சவ்வு குழிந்து பையாகியது. ஆயின் கழுத்து அறவில்லை. புதிய பைகள் கிடையாமையால் நரம்பு ஊமையாயிற்று.

இதனிடையே, 1989இல் மாட்டின் மூளையிலிருந்து ‘தைனமின்’ என்னும் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. சிபிரே ஈயிலே பழுதுபட்டிருப்பது அப்புரதத்தின் பரம்பரையலகே என்பது 1991இல் தெளிவாயிற்று. தைனமின் மூலக்கூறுகள் பையின் கழுத்தைச் சுற்றிப் பாம்புபோல் வளைந்து அணிவகுக்கின்றன, ஜீ.ரி.பி. என்னும் மூலக்கூறு தரும் ஆற்றலால் அச்சுருள் இறுகுகின்றது. கழுத்தின் எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கித் தம்முள் ஒட்டுகின்றன, ஒட்டியபின்பே பிரிகின்றன. மோதகத்தின் வாயைப் பொத்தி எஞ்சிய மாவைக் கிள்ளி எடுக்கும் தாய்மாரை நினைமின்! உள்ளிருக்கும் பயறு சிந்துவதில்லை. விரல் முதலிற் சேர்க்கின்றது, பின்னரே பிரிக்கின்றது.

எல்லாப் பைகளும் உள்நோக்கி வருவனவல்ல. சில வெளிநோக்கிப் புடைப்பன. அவற்றின் கழுத்தைச் சுற்றி நின்று நெரிக்கத் தைனமினுக்கு இடமில்லை. கழுத்தின் உள்ளே நின்றே தொழில் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யும் புரதக் கூட்டங்களை ஸ்கொட் எமர் என்பாரின் ஆய்வுகூடத்தினர் மதுவத்தில் ஆராய்ந்து, 2001, 2002ஆம் ஆண்டுகளில் ‘எஸ்கோட்’ என்னும் பெயரால் விளக்கினர். உயிர்க்கலம் இரண்டாகப் பிரியுங்கால் மகட்கலங்களை இணைக்கும் இறுதிப் பாலத்தை அறுப்பதும் இக்கூட்டமே என்பது 2007இல் அறியப்பட்டது.

எயிட்சு நோயை விளைக்கும் வைரசும் இதனையே நம்பி வாழ்கின்றது. கலத்தினின்று தன்னைப் பிரித்துக்கொள்ளும் கருவி அதற்கு இல்லை. கலத்தின் எஸ்கோட்டை அழைத்துத் தன் கழுத்தை அறுப்பித்து வெளியேறுகின்றது. 2001இல் வெளிப்பட்ட உண்மை இது. கருவி பழுதுபடினும் கேடே. தைனமின் குடும்பத்துப் புரதமொன்றின் பிறழ்வு சிலருக்குத் தசை நலிவையும் வேறு சிலருக்கு நரம்பு நலிவையும் தரும் என்பதும், எஸ்கோட் புரதமொன்றின் பிறழ்வு டென்மார்க்கின் ஒரு குடும்பத்திலே மூளை நலிவாய்த் தலைமுறை தோறும் தொடர்ந்தது என்பதும் 2005இல் அறியப்பட்டவை.

இனி, சொல்லுக்கு வருவோம். ‘வெட்டுதல்’ என்று படிக்கும் மாணவன் தன் மனத்திலே ஒரு கத்தியையும் ஒரு புண்ணையும் வரைந்துகொள்வான். ஒழுக்கின்றிப் பிரிவது எங்ஙனம் என்னும் வினா அவனுக்கு எழவே மாட்டாது. ‘கிள்ளுதல்’ என்று படிப்பவனோ இரு விரல்கள் ஒன்றையொன்று நாடி நெருங்குவதைக் காண்பான். உண்மையிற் பாதி அவனுக்கு அச்சொல்லிலேயே கிட்டிவிடும். கலைச்சொல் ஆக்குவோர் புதுச்சொல் தேடி அலையுமுன், நம் அடுக்களையிலே வழங்குஞ் சொல்லையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.