ஒரே குட்டையில் ஊறிய சில்லுகள்

2019-இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் ப்ராசஸரின் உலோக மூடியைப் பெயர்த்தெடுத்தால் (வேலை செய்கிற சில்லில் முயற்சி செய்ய வேண்டாம்) அடியில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிலிக்கான் துண்டு பளபளக்கும். பரப்பளவு 74 சதுர மில்லிமீட்டர். அதற்குள் எட்டு கோர்கள். அதே ஆண்டு அதே நிறுவனம் விற்ற எபிக் 7742 என்ற சர்வர் ப்ராசஸரைத் திறந்தால், அந்தத் துண்டில் எட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரே சாயல் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது, அச்சு அசல் அதுவேதான். ஒரே வேஃபரில் (சில்லுகளைப் பதித்து அறுத்தெடுக்கும் சிலிக்கான் தட்டில்) விளைந்த துண்டுகளில் ஒன்று பையன்கள் கேம் விளையாடும் மேசைக்குப் போகிறது, பக்கத்துத் துண்டு ஏதோ ஒரு வங்கியின் சர்வர் அறைக்குப் போகிறது.

ஒரு துண்டு கொண்ட ரைசன் 5 3600-இன் அறிமுக விலை 199 டாலர். எட்டுத் துண்டு கொண்ட எபிக் 7742-இன் விலை 6,950 டாலர். எட்டால் பெருக்கிப் பார்த்தால் கணக்கு எங்கோ உதைக்கும். வித்தியாசத்தில் ஒரு பங்குக்கு நியாயம் உண்டு. டெஸ்க்டாப்பில் மெமரிக்கு இரண்டு பாதைகள் என்றால் சர்வரில் எட்டு. அதிலும், குறைந்த மின்சாரத்தில் ஒழுங்காக ஓடும் துண்டுகளாகப் பொறுக்கித்தான் சர்வருக்கு வைக்கிறார்கள். மிச்சமெல்லாம் யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்ற வியாபாரக் கணக்கு.

சில்லு வடிவமைப்பைப் பகிர்ந்துகொள்வது என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. எல்லாச் சில்லும் ஒரே கட்டளை மொழி பேசினால் ஒரே புரோகிராம் எதிலும் ஓடும். ஆனால் உள்கட்டுமானம் முற்றிலும் வேறாக இருக்கலாம். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ திட்டம் அப்படி. ரிஸ்க்-ஃபைவ் என்ற பொது மொழியை வைத்துக்கொண்டு சின்னக் கருவிகளுக்கு ஒரு கோர், அதைவிடப் பெரிய வேலைகளுக்கு வேறொரு கோர் என்று தனித்தனியாக வடிவமைக்கிறார்கள். அதற்கு அடுத்த படி, ஒரே கோரின் வரைபடத்தை வெவ்வேறு சில்லுகளில் பதிப்பது. ஒரே பிளானில் நாலு ஊரில் வீடு கட்டுவது போல. ஏஎம்டி செய்தது இதையும் தாண்டியது. கட்டி முடித்த அறையையே தூக்கிக்கொண்டு போய் இன்னொரு கட்டடத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடியான கதை இன்டெலுடையது. 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் டெஸ்க்டாப்புக்கு விற்ற பென்டியம் 4, ‘எத்தனை கிகாஹெர்ட்ஸ்’ என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக வடிவமைத்தது. வேகத்தைக் கூட்ட, ஒரு கட்டளையின் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கினார்கள். 2004-இல் வந்த பிரெஸ்காட் வடிவத்தில் 31 படிகள். கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல இது. ஆள் கூடினால் ஒவ்வொருவரும் வேகமாக நகர்த்தலாம். ஆனால் வேறு கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்று பாதியில் தெரிந்தால், வரிசையில் உள்ள அத்தனை வாளியையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பமோ 115 வாட் வரை போயிற்று. இந்த வழியில் இன்னும் முன்னே செல்லவிருந்த தேஹாஸ் திட்டத்தை 2004 மே மாதம் இன்டெல் கைவிட்டது.

இதற்கிடையில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த இன்டெல் குழுவுக்கு லேப்டாப் வேலை கொடுத்திருந்தார்கள். பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு கிகாஹெர்ட்ஸ் பந்தயம் ஓட முடியாது. அவர்கள் பழைய பென்டியம் புரோ வம்சத்தின் கட்டமைப்பை எடுத்து, வீணாகும் ஒவ்வொரு துளி மின்சாரத்தையும் அடைத்து, 2003-இல் பென்டியம் எம்-ஐக் கொண்டுவந்தார்கள். குறைந்த கிகாஹெர்ட்ஸிலேயே பென்டியம் 4-க்கு ஈடுகொடுத்தது அது. மாடியில் விருந்து தீய்ந்துபோக, பின்கட்டில் எளிமையாகச் சமைத்ததுதான் கடைசியில் பந்திக்கு வந்தது. 2006-இல் அந்த வழியில் பிறந்த ‘கோர்’ கட்டமைப்பு லேப்டாப்புக்கு மெரோம், டெஸ்க்டாப்புக்குக் கான்ரோ, சர்வருக்கு உட்கிரெஸ்ட் என்ற மூன்று பெயர்களில் வந்தது. 143 சதுர மில்லிமீட்டர், 29.1 கோடி டிரான்சிஸ்டர், மூன்றுக்கும் அதே அளவு. இதில் ஒரு வேடிக்கை: பென்டியம் புரோ 1995-இல் சர்வர்களையும் பெரிய பணிக்கணினிகளையும் மனத்தில் வைத்து வந்த சில்லு. லேப்டாப்பில் பத்தியம் இருந்து இளைத்துவிட்டுச் சர்வருக்குத் திரும்பியிருக்கிறது.

மூன்றும் ஒன்றே என்றால் லேப்டாப்பில் 34 வாட்டும் சர்வரில் 80 வாட்டும் எப்படி? விடை மின்னழுத்தத்தில் இருக்கிறது. டிரான்சிஸ்டர்களை வேகமாகத் தட்ட வேண்டுமானால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். சில்லு இயங்கும்போது செலவாகும் மின்சாரமோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், வேகத்தோடும் ஏறும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. நாற்பதில் போனால் நல்ல மைலேஜ், தொண்ணூறில் முறுக்கினால் டாங்க் கண்முன்னே காலியாகும். வண்டி ஒன்றேதான். அந்த ஆண்டின் 2 கிகாஹெர்ட்ஸ் மெரோம் 34 வாட், 2.4 கிகாஹெர்ட்ஸ் கான்ரோ 65 வாட், 3 கிகாஹெர்ட்ஸ் சர்வர் வடிவம் 80 வாட். வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் மின்சாரம் இரண்டரை மடங்குக்கு அருகில் போகிறது. சிக்கனமான கோரை முறுக்கி வேகமாக ஓட்டலாம், வேகத்துக்கென்றே பிறந்த கோரைச் சிக்கனமாக்குவது கடினம் என்று அந்தத் துறை அன்று கற்றுக்கொண்டது.

ஏஎம்டியின் கதை வேறு. அங்கே பகிர்வுக்குத் தாய் வறுமை. 2011-இல் வெளியான புல்டோசர் சில்லுகள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2015-இல் நிறுவனத்தின் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. மைக் கிளார்க் தலைமையில் ஜென் என்ற புதிய கோர் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதை டெஸ்க்டாப்புக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று தனித்தனிச் சில்லுகளாக்கக் கையில் காசில்லை. ஒரு புதிய சில்லின் ஒளி அச்சுகளுக்கும் சோதனைகளுக்கும் கோடிகள் கரையும். ஆகவே ஒரே ஒரு துண்டை வடித்தார்கள். உள்ளே வைத்த பெயர் செப்பலின், எட்டு கோர், 213 சதுர மில்லிமீட்டர். 2017-இல் அதை ஒன்று வைத்து டெஸ்க்டாப் ரைசன், இரண்டு வைத்து த்ரெட்ரிப்பர், நான்கு வைத்து 32 கோர் எபிக் என்று விற்றார்கள்.

இல்லாதவன் செய்த இந்த ஒட்டுவேலையில்தான் புதையல் இருந்தது. அந்த 32 கோரையும் ஒரே பெரிய துண்டாக வடித்திருந்தால் 777 சதுர மில்லிமீட்டர் வந்திருக்கும் என்று ஏஎம்டி பொறியாளர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நான்கு துண்டு சேர்ந்தால் 852. சிலிக்கான் அதிகம் செலவானது. ஆனால் தயாரிப்புச் செலவோ பெரிய துண்டுக்கு ஆகியிருப்பதில் 59 சதவீதம்தான்!

இது எப்படி என்று புரிய ஒரு தட்டு பர்ஃபி போதும். தட்டில் கொட்டிய பாகில் அங்கங்கே பத்துக் கருகல் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். தட்டை நூறு சின்ன வில்லைகளாக அறுத்தால் பத்து வில்லை கெடும், தொண்ணூறு விற்கும். பன்னிரண்டு பெரிய வில்லைகளாக அறுத்தால் கருகல் படாத வில்லை நாலைந்து தேறினாலே பெரிது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வேஃபரிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத தூசும் பிசகும் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலும் எட்டு கோர் துண்டில் இரண்டு கோர் மட்டும் பழுதென்றால் அவற்றை அணைத்துவிட்டு ஆறு கோர் ப்ராசஸராக விற்றுவிடுவார்கள். மேலே சொன்ன 3600 அப்படி ஆறு கோர் மட்டும் விழித்திருக்கும் சில்லு.

செப்பலினில் ஒரு அநியாயமும் இருந்தது. நான்கு துண்டுகளைக் கோக்கத் தேவையான இணைப்புகள் ஒவ்வொரு துண்டிலும் பொதிந்திருந்தன. ஒற்றைத் துண்டு ரைசனில் அவற்றுக்கு வேலையே இல்லை. டெஸ்க்டாப் வாங்கியவர் சர்வர்காரருக்கான பாகத்தையும் காசு கொடுத்து வாங்கி வீட்டில் சும்மா வைத்திருந்தார். 2019-இன் ஜென் 2-இல் அதைச் சரிசெய்தார்கள். கோர்களும், அவற்றின் கைக்கெட்டும் மெமரியான கேஷும் மட்டும் 7 நானோமீட்டரில், தைவானின் டிஎஸ்எம்சியில். மெமரியோடும் வெளியுலகத்தோடும் பேசும் பகுதி தனித் துண்டாக, குளோபல்ஃபவுண்ட்ரீஸின் பழைய, மலிவான தொழில்நுட்பத்தில். வெளியே சிக்னல் அனுப்பும் சுற்றுகளைச் சுருக்கினாலும் அவ்வளவாகச் சுருங்காது. விலையுயர்ந்த இடத்தில் அவற்றைக் குடிவைப்பது டி.நகரில் கோடவுன் எடுப்பது போல. இந்த வாசல் துண்டு மட்டும் டெஸ்க்டாப்புக்குச் சிறிதாகவும் சர்வருக்குப் பெரிதாகவும் மாறும். சிக்கனம் இதோடும் நிற்கவில்லை. டெஸ்க்டாப்பின் வாசல் துண்டு வரைபடமே எக்ஸ்570 மதர்போர்டின் சிப்செட்டாகவும் வேலைக்குப் போனது.

செல்போன் பக்கத்தில் பகிர்வு இரண்டாவது படியோடு நிற்கிறது, அங்கே இடம்பெயர்வது வரைபடம்தான். 2020-இல் ஐபோன் 12-இன் ஏ14 சில்லிலும் மேக்புக் ஏரின் எம்1 சில்லிலும் இருந்தவை ஒரே கோர்கள். போனில் இரண்டு பெரியவை, மேக்கில் நான்கு. ஆர்ம் நிறுவனம் 2018-இல் போன்களுக்காக வெளியிட்ட கார்ட்டெக்ஸ்-ஏ76 கோரை, அடுத்த ஆண்டு எல்2 கேஷை ஒரு எம்பி வரை பெரிதாக்கி, இன்னும் சில மாற்றங்களோடு நியோவெர்ஸ் என்1 என்று சர்வருக்கு அனுப்பியது. அமேசானின் கிராவிடான்2 சில்லில் அதில் 64 இருக்கிறது. இன்டெல் ஒருமுறை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. 2015-இல் வந்த டெஸ்க்டாப் ஸ்கைலேக் கோரை எடுத்து, அதன் ஓரத்தில் கூடுதல் கேஷையும் பெரிய கணக்குப் பகுதியையும் ஒட்டுத்திண்ணை போலக் கட்டி 2017-இல் சர்வராக்கியது. சில்லின் படத்தில் திண்ணை தனியாகவே தெரியும்.

லேப்டாப்பிடம்தான் ஏஎம்டியின் துண்டு வித்தை வெகுகாலம் செல்லுபடியாகவில்லை. துண்டுக்குத் துண்டு சிக்னல் அனுப்ப ஒவ்வொரு பிட்டுக்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், வேலை இல்லாத நேரத்திலும் அந்தப் பாதைகள் விழித்திருக்க வேண்டும். சுவரில் செருகியிருக்கும் கம்ப்யூட்டர் அதைப் பொருட்படுத்தாது, பேட்டரி பொருட்படுத்தும். எனவே 2020-இல் லேப்டாப்புக்கு ரெனுவார் என்ற தனித் துண்டை முழுதாக வடித்தார்கள். அதே ஜென் 2 கோர், எட்டும் உள்ளே. ஆனால் 32 எம்பி எல்3 கேஷை 8 எம்பியாக வெட்டி, மிச்ச இடத்தில் கிராபிக்ஸையும் வாசலையும் திணித்து, எல்லாம் 156 சதுர மில்லிமீட்டரில். 2023-இல்தான் டெஸ்க்டாப் துண்டுகளை அப்படியே லேப்டாப்புக்குள் வைத்தார்கள், அதுவும் பெரும்பாலும் சார்ஜரைப் பிரியாத கேமிங் லேப்டாப்புகளுக்கு.

அதே ஆண்டு இன்னொரு திசையிலும் போனார்கள். ஜென் 4 கோரின் தர்க்கத்தில் கைவைக்காமல், கட்டிய விதத்தை மட்டும் மாற்றினார்கள். உச்ச வேகத்துக்காக விட்டிருந்த இடைவெளிகளை அடைத்து, சுவர்களை நெருக்கி, 3.84 சதுர மில்லிமீட்டர் கோரை 2.48-க்குள் கொண்டுவந்தார்கள். அதிக வேகம் போகாது, மற்றபடி எல்லாம் அதுவே. பெயர் ஜென் 4சி. பெர்காமோ என்ற சர்வர் சில்லில் இதை 128 அடுக்கி, கிளவுட் நிறுவனங்களுக்கு விற்றார்கள். சிறிய இடம், குறைந்த மின்சாரம் என்றால் லேப்டாப்காரர்களுக்கும் வாயூறத்தானே செய்யும்? சில மாதங்களிலேயே அந்தக் கோர், இரண்டு சாதாரண ஜென் 4 கோர்களுக்குத் துணையாக, விலை குறைந்த லேப்டாப்புகளுக்கும் ரைசன் இசட்1 வைத்த கைப்பிடி கேமிங் கருவிகளுக்கும் வந்து சேர்ந்தது. தரவு மையத்துக்காக நெருக்கிக் கட்டிய கோர், எங்கோ பஸ் ஜன்னலோரம் ஒரு பையன் கையில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறது.