ஒப்பாரிக் கோச்சி ஏறி நீலகிரிக்கு

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. பின்பருவ இலைக்கருகல் நோய்க்கு ஈடுகொடுக்கும் ரகங்களை உருவாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மேகமூட்டம், குளிர், விடாத சாரல் மூன்றும் சேர்ந்தால் இலையோரத்தில் நீர் கோத்த புள்ளி விழும், அது கறுக்கும், இலையின் அடியில் வெள்ளையாகப் பூசணம் படரும். சில நாட்களில் காடே கருகிவிடும், மண்ணுக்குள் கிழங்கு அழுகும். இந்த நோய் நீலகிரிக்குள் நுழைந்தது 1870-களை ஒட்டி. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன், 1845இல், இதே கிருமிதான் அயர்லாந்துக்குள் புகுந்தது.

அங்கே ஏழைக் குடியானவர்களுக்குக் காலையும் மாலையும் கிழங்குதான் சோறு. விளைந்த தானியமும் வளர்த்த மாடும் நிலச்சுவான்தார்களின் குத்தகைக்கே சரியாகப் போயின. கிழங்கு அழுகியதும் ஜனங்களுக்கு வேறு கதியில்லை. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1841 கணக்கெடுப்பில் 82 லட்சமாக இருந்த அயர்லாந்து தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த அளவைத் திரும்ப எட்டவில்லை.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களை அந்த ஊர்க்காரர்கள் இழவு வீட்டு முறைப்படி வழியனுப்பினார்கள். சாவுக்கு விழித்திருப்பதுபோல முந்தின இரவு முழுக்க உறவும் ஊரும் கூடியிருக்கும். ஆட்டமும் பாட்டும் இருக்கும், விடியும்போது அழுகையும் இருக்கும். போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஐரிஷ் இலக்கியம் இந்தப் பிரிவிலிருந்து இன்னும் மீளவில்லை. லியாம் ஓ’ஃப்ளாஹெர்ட்டி 1937இல் பஞ்சத்தையே தலைப்பாக்கி ஒரு நாவல் எழுதினார். 1914இல் வந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ஜேம்ஸ் ஜாய்ஸின் ஈவ்லின் என்ற பெண், கப்பலடியில் கம்பியைப் பிடித்தபடி ஏற முடியாமல் நின்றுவிடுகிறாள்.

அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தைக் கையில் வைத்திருந்த லண்டன் அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர் கொள்கை. அவரே 1859இல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார். ஓராண்டில் அவர் போய்விட்டாலும், கொள்கை போகவில்லை. தாது வருஷம் பிறந்தபோது அது தமிழ்நாட்டில் தன் கணக்கைத் தீர்த்தது.

1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் அண்மைக்காலம் வரை இருந்தார்கள். தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நிவாரணச் செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று தீர்மானித்தார். அதில் உயிர் தரிக்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். சென்னையில் அவர் பெயரால் ஓடும் கால்வாயின் ஒரு பகுதி பஞ்சக் கூலிகள் வெட்டியது. அவர் பதவிக்காலத்தில்தான் உதகையில் கவர்னர் மாளிகையும் எழுந்தது.

சிவகங்கைச் சீமையின் பஞ்சத்தை வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ என்று பகடி நூலாகவே பாடிவைத்தார். 1899இல் அது அச்சேறியது. குடிகள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் ஜமீன்தாருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து அனுப்புகிறார். ஐரிஷ்காரரான ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729இல் வறுமையைப் பற்றி எழுதிய கொடூரமான பகடியை உலகமே படிக்கிறது. வில்லியப்ப பிள்ளையை நம் பிள்ளைகளே படிப்பதில்லை. இது வருத்தப்பட வேண்டிய விஷயம்.

பஞ்சத்துக்குத் தப்பிய தெற்கத்திக் குடும்பங்களுக்கு, தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி காட்டிய திசை இலங்கை. 1820-களில் காபித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய அந்தப் போக்கு, தாது வருஷத்தில் பெருவெள்ளமானது. போனவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிற்காலத்தில் ஆளுக்கொரு தகரத்துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அடையாளமிட்ட வில்லை அது. அதைப் பார்த்து ரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவார்கள். அந்த வழிச்செலவும் கூலியின் தலையில் கடனாக எழுதப்படும். கடனைக் குறித்த ‘துண்டு’ச் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் ஆளை மாற்றும் முறையை ஒழிக்க 1921 ஆயிற்று. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ இந்த உலகத்தைப் பற்றி எழுதப்பட்ட கதை. உள்ளேயே பிறந்து எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை.

இதுவரை அயர்லாந்தின் கதையும் நம் கதையும் ஒன்றுபோலத்தான் நடக்கின்றன. பிரிவது இதற்கப்பால். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இறங்கிய ஐரிஷ்காரர்களின் பேரப்பிள்ளைகள் மேயர்களானார்கள்; 1961இல் ஜான் கென்னடி குடியரசுத் தலைவரானார். இலங்கையின் கண்டிச் சீமையைப் பசுமையாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளோ 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு இலங்கை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அக்கா இந்தியா, தங்கை இலங்கை என்று ஒரே குடும்பத்தில் குடியுரிமை மனு வேறு வேறாகிப்போனதும் உண்டு. மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் கதறுவார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ‘இராமானுஜம்’ கப்பல். பிறகு மண்டபம் முகாம். பிறந்ததிலிருந்து கொழுந்து பறிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களுக்கு அங்கே சிறு வணிகக் கடன் கொடுத்து, முன்பின் பார்த்திராத ஊர்களுக்கு அனுப்பினார்கள். பெட்டிக்கடையும் ஓடவில்லை, வெயிலும் தாங்கவில்லை. பலர் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு மலையேறினார்கள். கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கப்போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

நீலகிரியில் அவர்களுக்காகவே 1968இல் வனத்துறை தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் 1976இல் டேன்டீ எனும் அரசுக் கழகமானது. குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் இந்தத் தாயகம் திரும்பியோர். அந்தக் காட்டைத் தங்கள் வாழ்விடமாகக் கொண்டிருந்த பழங்குடிகளுக்கு அது இன்னொரு இழப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். வரிசையாகக் கட்டிய லைன் வீடும், காலையில் ஆட்களைக் கூட்டும் பிரட்டுக் களமும், அட்டைக்கடியும் தாயகம் திரும்பியோருக்குப் புதிதல்ல. இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கொழுந்து, வீட்டில் கோதுமை ரொட்டியும் சம்பலும் என்று வாழ்க்கை அப்படியே தொடர்ந்தது. ஆனால் பிறந்த மண்ணில் ‘இந்தியாக்காரர்’, இங்கே ‘சிலோன்காரர்’. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இந்தியா வந்தும், பள்ளிப் பாடங்களில் அவர்கள் வரலாற்றுக்குப் பெரிதாக இடமில்லை.

2022இல், நஷ்டத்தைக் காரணம் காட்டி, டேன்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தேயிலை நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு ஆணையிட்டது. தொழிலாளர்கள் கூடலூர்ப் பக்கம் தெருவில் இறங்கினார்கள். வேலைக்கு ஆபத்து என்பதோடு, ஓய்வுபெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதும் அவர்களின் பழைய பயம். 40 வருஷம் கொழுந்து பறித்தவர்கள் பலருக்குச் சொந்தமென்று ஒரு சென்ட் நிலம்கூட எழுதித்தரப்படவில்லை. பிள்ளைகளில் பலர் காத்திருக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோயம்புத்தூர் மில்களுக்கும் பஸ் ஏறிவிட்டார்கள்.