கடைவாய்ப் பற்களிடையே ஒரு சுவர்

பல்லில் சொத்தை விழுந்தால் அதனைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழியை அடைத்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பல்லின் மேற்பரப்பில் விழும் சிறு சொத்தைக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பக்கத்தில் சொத்தை விழுமாயின், குழியை அடைப்பது பாதி வேலையே. இடிந்துபோன பக்கச் சுவரை முன்பிருந்த வடிவத்தில் எழுப்புவது மற்றப் பாதி. அச்சுவர் செவ்வையாக எழாவிட்டால் அடைத்த பல் மட்டுமன்றி, அண்டைப் பல்லும், இரண்டுக்கும் இடைப்பட்ட ஈறும் கெட்டுவிடக்கூடும். அதனை எழுப்பப் பல் மருத்துவர்கள் இக்காலத்தில் கையாளும் ஒரு முறையை நேயர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், இயற்கை அமைத்த சுவரைப் பார்ப்போம். கடைவாய்ப் பற்கள் செங்கற்களைப் போலத் தட்டையான பக்கங்களோடு அடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பல்லின் பக்கமும் மெல்லப் புடைத்திருக்கிறது. புடைத்த இடத்தில் பல்லும் பல்லும் தொடுகின்றன. அந்தத் தொடுமிடத்துக்குக் கீழே உள்ள சிறு முக்கோண இடைவெளியை ஈறு நிரப்பி நிற்கிறது. நாம் உணவை மெல்லும்போது அது தொடுமிடத்தின்மேல் பட்டு, கன்னத்தின் பக்கமாகவும் நாக்கின் பக்கமாகவும் வழிந்து விடுகிறது, கீழே இறங்குவதில்லை. ஆகவே தொடுமிடத்தை ஈற்றின் கூரை என்று கூறினால் பொருந்தும். கூரை விலகிவிட்டால், மாம்பழ நாரும் கீரையும் இறைச்சித் துணுக்கும் வேளைதோறும் உள்ளே செருகிக்கொள்ளும். நாளடைவில் ஈறு வீங்கும்; எலும்பு தேயும்; புதிய சொத்தையும் தோன்றும்.

இனி, திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கழக்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1962-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளி அங்கு உள்ளது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அதன் அருகேயுள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. 1990-ஆம் ஆண்டில் டெக்னோபார்க் தொடங்கிற்று. நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் பலரும் அங்குப் பணியாற்றுகின்றனர். கணினியின் முன் நெடுநேரம் அமர்ந்திருப்போர் இடையிடையே இனிப்பிட்ட தேநீரும் பலகாரமும் கொள்வது இயல்பு. சர்க்கரை வாயில் புகும் ஒவ்வொரு முறையும் பல்லில் படிந்துள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் தணிய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எனவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட, எத்தனை முறை தின்றோம் என்பதே பற்களுக்கு முக்கியமாகும். பல் துலக்கும் பிரஷ் நுழையாத பல்லிடுக்கில் இத்தீங்கு ஓசையின்றி நடைபெறுகிறது. பெரும்பாலும் எக்ஸ்ரே படம் எடுத்த பின்னரே அது வெளிப்படுகிறது.

இவ்வாறு பக்கச் சுவரை இழந்த பல்லுக்கு எவ்விதம் சுவர் எழுப்புவது? இதற்கும் கழக்கூட்டத்திலேயே ஓர் உவமை கிடைக்கிறது. 2022-ஆம் ஆண்டில் அவ்வூரில் தேசிய நெடுஞ்சாலையின் உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டது. இத்தகைய சாலையின் தூண்களுக்குக் கான்கிரீட் கொட்டுமுன் சுற்றிலும் தகடு நிறுத்தி அடைப்பார்கள். தகடு கோணினால் தூணும் கோணிவிடும்; தகட்டில் இடுக்கு இருந்தால் குழம்பு வெளியே ஒழுகிவிடும். பல்லுக்கும் அதே நியதிதான். அடைப்புப் பொருளை வைக்குமுன் இடிந்த பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றை நிறுத்த வேண்டும். அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். நாம் அச்சுத்தகடு என்போம்.

பழைய முறையில், நாடா போன்ற ஒரு பட்டையைப் பல்லைச் சுற்றி வளைத்துத் திருகினால் இறுக்குவர். டாஃபில்மயர் என்பவரின் பெயரால் வழங்கும் இறுக்கி இதற்குப் பெயர்பெற்றது. வெள்ளி முதலிய உலோகத் தூளைப் பாதரசத்துடன் குழைத்த அமால்கம் என்னும் கலவையை அடைத்த காலத்தில் இம்முறை நன்கு பயன்பட்டது. அமால்கத்தைக் கருவியால் அழுத்தி அழுத்தித் திணிக்க வேண்டும். அவ்வழுத்தமே பட்டையை அண்டைப் பல்லோடு நெருக்கித் தொடுமிடத்தை உண்டாக்கிற்று.

பின்னர்ப் பொருள் மாறியது. எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பற்றும் என்பதை 1955-ஆம் ஆண்டில் அமெரிக்கரான புவனகோர் காட்டினார். அந்நாட்டவரே ஆகிய போவன், கண்ணாடி போன்ற நுண்துகள்கள் கலந்த பிசினை உருவாக்கி 1962-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நீல ஒளியால் இறுகும் காம்போசிட் அடைப்புகள் இவ்வழியில் வளர்ந்தவையே. பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைப்பதற்காக 2013-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அமால்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் அடங்கும். காம்போசிட் பல்லின் நிறத்திலேயே இருப்பதாலும் மக்கள் அதனை விரும்புகின்றனர்.

ஆயினும் காம்போசிட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது குழைவான பொருள். எவ்வளவு அழுத்தினாலும் அமால்கத்தைப் போலத் தகட்டைத் தள்ளாது. ஒளிபட்டு இறுகும்போது சற்றுச் சுருங்கவும் செய்கிறது. மேலும், பல்லைச் சுற்றி வரும் பட்டை தட்டையாக நிற்பதால் சுவரும் தட்டையாகிவிடும். தொடுமிடம் பல்லின் மேல்விளிம்பில் அமைந்துவிடும், அல்லது அமையாமலே போகும். அன்றியும், பட்டை பழுதில்லாத பக்கத்தின் இடுக்கிலும் நுழைந்து சுற்றி வருகிறது. அதனை எடுத்த பிறகு அதன் கனத்தளவு வெளி எஞ்சுகிறது. இது மிக நுண்ணிய வெளிதான். ஆனால் உணவின் நார் நுழைய அதுவே போதும்.

இக்குறையைப் போக்க வந்ததே பகுதி அச்சுத்தகடு முறை. இதில் பட்டை பல்லை முழுதும் சுற்றுவதில்லை. இடிந்த பக்கத்தில் மட்டும் நிற்கிறது. இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, இயற்கைப் பல்லின் புடைப்பைப் போல முன்னதாகவே வளைத்துச் செய்த சிறு தகடு. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. இரண்டாவது, ஈற்றின் பக்கத்தில் செருகும் சிறிய ஆப்பு. இது தகட்டின் அடிப்பாகத்தைப் பல்லோடு ஒட்டவைத்து, பிசின் ஈற்றுக்குள் பிதுங்காமல் காக்கிறது. மூன்றாவது, எஃகாலோ நிக்கல் டைட்டேனியம் கலப்புலோகத்தாலோ ஆன விற்சுருள் வளையம்.

இம்முறையின் நுட்பம் முழுவதும் இவ்வளையத்தில்தான் அடங்கியிருக்கிறது. வளையத்தின் இரு கால்களும் இரண்டு பற்களின் இடுக்கில் கன்னப்புறத்தில் ஒன்றும் நாக்குப்புறத்தில் ஒன்றுமாக நிற்கும். அவை தகட்டின் ஓரங்களைப் பல்லோடு அணைத்துப் பிடிக்கும். அதே வேளையில் இரண்டு பற்களையும் சற்றே விலக்கும். எலும்பில் ஊன்றிய பல்லை விலக்க முடியுமா என்று கேட்கலாம். பல்லின் வேர் எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள நார்த்திசு மெத்தை போல் இருக்கிறது. வளையத்தின் விசைக்கு அது சற்று இடங்கொடுக்கிறது. அடைப்பு முடிந்து வளையத்தைக் கழற்றியதும் பற்கள் தம் இடத்துக்கு மீள்கின்றன. தகட்டை எடுத்ததனால் ஏற்பட்ட வெளி அப்போது மூடிக்கொள்கிறது. தொடுமிடம் இறுக்கமாக அமைவதன் இரகசியம் இதுவே.

வேலை நடைபெறும் ஒழுங்கும் அறியத்தக்கது. முதலில் ரப்பர்த் திரையிட்டு உமிழ்நீரை விலக்குவர். ஈரம் பட்டால் பிசின் பற்றாது. சொத்தையை நீக்கியபின் தகடு, ஆப்பு, வளையம் ஆகியவற்றைப் பொருத்துவர். தகட்டின் உட்புறத்தை உருண்டை முனைக் கருவியால் தேய்த்து, அது அண்டைப் பல்லைத் தொடுமாறு செய்வர். அமிலமும் ஒட்டுபிசினும் இட்டபின், முதலில் பக்கச் சுவரை மட்டும் எழுப்பி ஒளியால் இறுக்குவர். அதன் பின்னர் எஞ்சிய குழியைச் சாதாரணக் குழியைப் போல, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக நிரப்புவர்.

இதன் பயன் ஆராய்ச்சியிலும் புலப்பட்டிருக்கிறது. நெதர்லாந்து நாட்டின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட மருத்துவ ஆய்வில், பல்லைச் சுற்றும் பட்டையைவிட, வளையத்தோடு கூடிய பகுதித் தகடே இறுக்கமான தொடுமிடத்தைத் தந்தது. ஆனால் எல்லாப் பல்லுக்கும் இதுவே மருந்து என்று கூறுவதற்கில்லை. சொத்தை ஈற்றுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தாலும், பல்லின் மூலைகள் இடிந்து வளையம் பற்ற இடமில்லாவிட்டாலும், வேறு முறையைத் தேட வேண்டும். பாதிக்கு மேல் இழந்த பல்லுக்கு முழு உறை இடுவதே தக்கதாக இருக்கலாம். கருவி சிறந்ததாயினும் பொருத்தும் கையும் பொறுமையும் அதனினும் முக்கியமானவை.

திருவனந்தபுரத்தில் இத்துறை வேரூன்றியே உள்ளது. அங்கு 1959-ஆம் ஆண்டு முதல் அரசினர் பல் மருத்துவக் கல்வி நடைபெற்று வருகிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனத்தின் பூஜப்புரைப் பிரிவில், பல் அடைக்கும் பிசின் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது.

நோயாளர் செய்யத்தக்கது யாது? அடைப்பு முடிந்தவுடன், பல்லிடுக்கில் நூலைச் செலுத்திப் பார்க்குமாறு மருத்துவரைத் தயங்காமல் கேட்கலாம். நூல் சற்றுத் தடைப்பட்டு, ‘டக்’கென்று இறங்க வேண்டும், பிசிறாமல் வெளிவர வேண்டும். தடையின்றி இறங்கினால் சுவர் விலகி நிற்கிறது என்று அறிக. பிசிறினால் விளிம்பில் பிதுக்கம் உண்டு என்று கொள்க. வீடு திரும்பியபின் அவ்விடத்தில் மட்டும் உணவு சிக்குமானால், அடைத்தாயிற்றே என்று பொறுத்திருப்பதும், குச்சியால் குத்திக் காலங்கடத்துவதும் தவறு. மருத்துவரிடம் திரும்பிச் சென்று, சிக்கும் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். சுவரை மீண்டும் எழுப்ப ஒருமுறை உட்கார்ந்தால் போதும். சொத்தை நரம்பை எட்டிவிட்டால் வேர்ச் சிகிச்சையும் உறையும் வேண்டியிருக்கும். அதையும் தாண்டிவிட்டால் பல்லையே இழக்க நேரிடும்.